பிடித்ததை விடாத பெரியவர்: தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர்



இன்று நம் பரிசளிப்பு விழா. மேடையில் துணி விரித்த மேசை, அதன் மேல் வரிசையாகக் கோப்பைகள். உங்களில் சிலர் மேடையேறிக் கை குலுக்கிப் பரிசு வாங்குவீர்கள். பலர் கீழே உட்கார்ந்து கை தட்டுவீர்கள். இந்தக் கட்டுரை இரண்டு பேருக்கும்தான். உள்ளதைச் சொன்னால், கீழே உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

நம்ம பிள்ளைகளிடம் நான் கண்ட ஒரு வழக்கம் உண்டு. சனவரியில் சிலம்பம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பார்கள். மார்ச்சில் சதுரங்கம். ஜூன் வந்தால் ஓவியம். வண்ணப் பென்சில் பெட்டி வாங்கி, பாதிப் படம் வரைந்து, புத்தகம் மூலைக்குப் போய்விடும். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நானும் அப்படி இருந்தவள்தான். வீணை கற்க ஆசைப்பட்டு ஆறே வாரத்தில் விட்டவள் நான்.

ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் எழுந்து, தமிழ் எனக்குப் பிடிக்கிறது டீச்சர், ஆனால் இதைப் படித்து என்ன ஆகப் போகிறேன் என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே, ஏறக்குறைய இதே கேள்வியைச் சந்தித்த ஒரு பையனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பையனின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். ரெம்பியாவில் இருக்கிற நமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். கட்டுரை முடியும்போது உங்களுக்கே தெரியும்.

இசையா, தமிழா?

தமிழ்நாட்டில் அன்றைய தஞ்சை மாவட்டத்தில், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரம் என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்க் குடும்பத்தில் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தவர் சாமிநாதையர். தந்தை வேங்கடசுப்பையர், தாயார் சரசுவதி அம்மாள். பையனுக்கு இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் செல்லமாகச் சாமா என்று கூப்பிட்டார்கள்.

தந்தையார் நல்ல சங்கீத வித்துவான். கனம் கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்றவர். ஊர் ஊராகப் போய்ப் பாடியும் கதை சொல்லியும் கிடைத்ததைக் கொண்டு குடும்பம் நடத்தினார். மகனும் தம்மைப் போலச் சங்கீதத்தில் பெயர் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. உறவினர்கள் வேறு யோசனை சொன்னார்கள். ஆங்கிலம் படித்தால் இந்த உலகத்தில் நன்றாக இருக்கலாம், வடமொழி படித்தால் மறு உலகத்தில் நன்றாக இருக்கலாம் என்றார்கள். தமிழ் படித்தால் என்ன கிடைக்கும் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

பையனுடைய மனமோ தமிழிலேதான் ஒட்டிக்கொண்டது. அரியலூரில் சடகோபையங்கார் என்ற பெரியவர் செய்யுள் சொல்லிக் கொடுத்தபோது அந்த ருசி அவருக்குத் தட்டியது. அன்று தொற்றிய ஆசை பிறகு விடவே இல்லை.

பெற்றோர்களே, இந்த இடத்தில் சற்று நின்று அந்தத் தந்தையைப் பாருங்கள். தம் ஆசை வேறு, மகன் ஆசை வேறு என்று தெரிந்தது. அவர் கோபிக்கவில்லை. எந்த ஊரில் நல்ல தமிழாசிரியர் இருக்கிறாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தையே கொண்டுபோனார். குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தார்கள். இன்று நாம் தோட்டம் விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோக லாரி பிடிக்கவே எவ்வளவு சிரமப்படுகிறோம்! கையில் காசில்லாத ஒரு மனிதர், மகன் தமிழ் படிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஊர் ஊராகப் போனார்.

வந்தவர்கள் நிற்பதில்லை

போன இடத்திலெல்லாம் ஆசிரியர்கள் ஒரே பெயரைச் சொன்னார்கள். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அந்தக் காலத்தில் அவரை மிஞ்சிய தமிழ்ப் புலவர் இல்லை என்று பேர். அவர் மாயூரத்தில் இருந்தார். 1871இல், பதினாறு வயதில், தந்தையோடு அவர் வீட்டுக்குப் போனார் சாமா.

பிள்ளையவர்கள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. படிக்கிறேன் என்று பலர் வருகிறார்கள், சில காலம் இருந்துவிட்டுப் பாதியிலே போய்விடுகிறார்கள் என்று வருத்தமாகச் சொன்னார். மாணவர்களே, இதைக் கவனியுங்கள். பாதியில் விடுகிற வழக்கம் இன்று கைப்பேசி வந்ததால் வந்தது என்று நாங்கள் பெரியவர்கள் உங்களைத் திட்டுகிறோம். கைப்பேசி இல்லாத 1871லும் அது இருந்திருக்கிறது!

கடைசியில் சேர்த்துக்கொண்டார். வேங்கடராமன் என்ற பெயரை விட்டுச் சாமிநாதன் என்று அழைக்க ஆரம்பித்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் சேர்ந்தவுடனே பெரும் புலவர் பக்கத்தில் உட்கார்த்திப் பாடம் சொல்லிவிடவில்லை. மூத்த மாணவர் ஒருவரிடம் படிக்கச் சொன்னார். இவருக்கோ ஏமாற்றம். இதற்காகவா இத்தனை ஊர் தாண்டி வந்தோம் என்று மனம் குமைந்தது.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவோம். சாமிநாதன் வேறு ஒரு வேலை செய்தார். பிள்ளையவர்களுக்குத் தோட்டத்தில் பிரியம் அதிகம். விடிந்ததும் செடிகளைப் பார்க்கப் போவார். எந்தச் செடியில் புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்து மகிழ்வார். இதைக் கண்டுகொண்ட சாமிநாதன் அவருக்கு முன்னாலேயே எழுந்து தோட்டத்துக்குப் போய், தளிர் எங்கே எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டார். ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆசிரியருக்கு மகிழ்ச்சி. பேச்சு வளர்ந்தது. பேச்சோடு பேச்சாகப் பாடம் கேட்க வாய்ப்பும் வந்தது. தளிர் தேடிய கண்தான் பிற்காலத்தில் ஏடு தேடிய கண் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு செய்தியும் உண்டு. மாயூரத்தில் அப்போது கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய அதே பாரதியார்தான். தந்தையின் ஆசையை ஒட்டி அவரிடம் சாமிநாதன் சங்கீதமும் கற்று வந்தார். பிள்ளையவர்களுக்கு இது தெரிந்தது. இசையில் மனம் போனால் இலக்கியப் படிப்பு நிற்கும் என்பது அவர் எண்ணம். சாமிநாதன் அன்றோடு இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். இசையும் அவருக்குப் பிடித்ததுதான். ஆனாலும் பிடித்த இரண்டில் ஒன்றை விட்டார். ஒன்றில் நிலைக்க வேண்டும் என்றால் இன்னொன்றுக்கு இல்லை என்று சொல்லத் தெரிய வேண்டும். படிப்பிலே கஷ்டமான பாடம் இதுதான், பிள்ளைகளே.

ஆசிரியர் பாட்டுச் சொல்லச் சொல்ல ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவதும், அவரிடம் பாடம் கேட்பதுமாகச் சில ஆண்டுகள் சென்றன. 1876 பிப்ரவரி 1ஆம் நாள் பிள்ளையவர்கள் காலமானார். சாமிநாதனுக்கு அப்போது இருபத்தொரு வயதுகூட நிறையவில்லை. ஆசிரியர் மறைந்த பின்னும் திருவாவடுதுறை மடத்தில் இருந்துகொண்டு, மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் மேலும் படித்தார்.

தலை குனிய வைத்த ஒரு கேள்வி

1880இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அங்கே வேலை பார்த்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தம் இடத்துக்கு இவரே தகுந்தவர் என்று சொல்லி வைத்தார். மாதம் ஐம்பது ரூபாய் சம்பளம். ஊர் ஊராக அலைந்த குடும்பம் ஓர் இடத்தில் உட்கார்ந்தது. நல்ல வேலை, நல்ல பெயர். நம்மில் பலர் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவோம். வேலை கிடைத்துவிட்டது, இனிமேல் என்ன படிப்பு என்போம்.

அவருடைய கதை அங்கேதான் ஆரம்பமாகிறது.

அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். முதலியார் தமிழில் ஆழ்ந்த பற்று உள்ளவர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். அந்தாதி இத்தனை, கலம்பகம் இத்தனை, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணங்கள் என்று பட்டியல் நீண்டது. இவ்வளவு படித்தவரா என்று முதலியார் வியப்பார் என எதிர்பார்த்தார். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதெல்லாம் சரி, இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்தது உண்டா என்றார். சீவக சிந்தாமணி? மணிமேகலை? சிலப்பதிகாரம்?

ஐயர் படித்ததில்லை. அவர் ஆசிரியரே அவற்றைப் பாடம் சொன்னதில்லை. அந்த நூல்கள் அச்சில் முழுதாகக் கிடைக்காத காலம் அது.

நினைத்துப் பாருங்கள். பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டுப் படித்தவர், கல்லூரி ஆசிரியர், அவரைப் பார்த்து ஒருவர் நீ படித்தது போதாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? கோபம் வரும், இல்லையா? ஐயர் கோபப்படவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் இல்லை. புத்தகம் கிடைத்தால் படிப்பேன் என்றார். முதலியாரிடம் சிந்தாமணியின் கைப்பிரதி ஒன்று இருந்தது. பிறகு ஒரு நாள் அதை ஐயர் கையில் கொடுத்தார்.

ஐயருக்கு அப்போது வயது 25. தமிழ் பிடிக்கும் என்பது அவருக்குச் சிறு வயதிலேயே தெரியும். தமிழில் தம் வேலை எது என்பது அந்தக் கைப்பிரதியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே பன்னிரண்டு வயதில் எது உன் பாதை என்று தெரியவில்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். பிடித்ததைச் செய்துகொண்டே இருங்கள். ஒரு நாள் ஒரு கேள்வி வந்து கதவைத் தட்டும். அந்தக் கேள்வி பாராட்டாக வராது, குறையாகத்தான் வரும். அப்போது கதவை மூடிவிடாதீர்கள்.

ஏட்டைப் படிப்பது எப்படி?

சிந்தாமணியில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள். அது ஒரு சமண காவியம். ஐயரோ சைவர். படிக்கப் படிக்கப் புரியாத செய்திகள் குவிந்தன. என்ன செய்தார்? கும்பகோணத்திலேயே சமணர் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் வீட்டுக்குப் போய், பிள்ளை மாதிரி உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சைவர் ஒருவர் சமண நூலில் இவ்வளவு ஈடுபடலாமா என்று குறை சொன்னவர்களும் உண்டு. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னாளில் மணிமேகலைக்காக இதே மாதிரி பௌத்த மதத்தையும் படித்தார். கல்லூரியில் உடன் வேலை பார்த்த ரங்காசாரியார் அதில் அவருக்கு உதவினார்.

ஓலைச்சுவடி என்றால் நம் பாடநூல் மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். குறில் எது, நெடில் எது என்று தெரியாது. எரி என்று எழுதியதா, ஏரி என்று எழுதியதா? நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கால் எழுத்தும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பாட்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றும் தெரியாது. பாட்டும் உரையும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். நடுவில் ஏடுகள் காணாமல் போயிருக்கும். மீதியைப் பூச்சி தின்றிருக்கும். நாலாம் ஆண்டு பிள்ளை எழுதிய, புள்ளி விட்ட கட்டுரையைத் திருத்தவே எனக்கு அரைமணி நேரம் ஆகிறது. அவர் திருத்தியது ஆயிரம் ஆண்டு, இரண்டாயிரம் ஆண்டு பழைய நூல்களை!

ஒரு சுவடியை மட்டும் பார்த்துப் புத்தகம் போட்டுவிடவில்லை அவர். ஒரே நூலுக்குப் பல ஊர்ப் பிரதிகளைச் சேர்த்தார். ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டார். எந்தப் பிரதியில் என்ன சொல் இருக்கிறது என்று குறித்து வைத்தார். உரையாசிரியர் ஓர் அடியை எடுத்துக்காட்டினால் அது எந்த நூலில் இருக்கிறது என்று தேடினார். அப்படித் தேடப் போய், இன்னும் எத்தனையோ நூல்கள் மறைந்து கிடக்கின்றன என்று அறிந்தார். ஒரு வேலை அடுத்த வேலைக்கு வழி காட்டியது.

ஊர் ஊராக, வீடு வீடாக

விடுமுறை வந்தால் நாம் போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் போகலாமா என்று யோசிப்போம். ஐயருடைய விடுமுறையெல்லாம் ஏடு தேடுவதிலேயே போயிற்று. ரயில், மாட்டு வண்டி, கால்நடை. மடங்கள், புலவர் வீடுகள், கோயில்கள் என்று எதையும் விடவில்லை.

சில இடங்களில் மனம் நிறைந்தது. பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு என்று ஒன்று உண்டு. அதில் வரிசையாக மலர்களின் பெயர்கள் வரும். கிடைத்த ஏடுகளில் சில மலர்ப் பெயர்கள் விட்டுப்போயிருந்தன. ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்பிவிடலாமே? அவர் மனம் ஒப்பவில்லை. தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் தருமபுரம் மடத்து ஏட்டில் அந்தப் பெயர்கள் அகப்பட்டன. உதிர்ந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் பழைய மாலையில் கோத்த மாதிரி!

சில இடங்களில் நெஞ்சு வெந்தது. திருநெல்வேலிச் சீமையில் கரிவலம்வந்தநல்லூர் என்று ஓர் ஊர். அங்கே கோயிலில் வரகுணபாண்டியர் காலத்து ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆவலோடு போனார். அங்கே அவருக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? பழைய ஏடுகளை நெருப்பில் இட்டுவிட வேண்டும் என்பது சாத்திரமாம், ஆகவே ஆகுதி செய்துவிட்டார்களாம்! வேறு இடங்களில் பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டதாகச் சொன்னார்கள். நெருப்பும் தின்றது, நீரும் கொண்டது, கரையானும் அரித்தது. தாம் ஒரு நாள் சுணங்கினால் இன்னொரு நூல் போய்விடும் என்ற பயம் அவரை ஓட ஓட விரட்டியது.

அச்சும் கடனும்

ஏடு கிடைத்தால் போதுமா? அச்சுப் போட வேண்டும். காகிதம் வாங்க வேண்டும். ஐம்பது ரூபாய் சம்பளக்காரர் என்ன செய்வார்? முன்பணம் தருகிறவர்களிடம் கையொப்பம் வாங்கினார். கடன் வாங்கினார். விடுமுறைகளில் சென்னைக்குப் போய் அச்சுத் தாள்களைத் திருத்தினார்.

அப்போது பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதில் முன்னோடியாக இருந்தவர் யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை. நாம் என்றும் நன்றியோடு நினைக்க வேண்டிய பெரியவர். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி அவர் ஐயரைக் கேட்டதும் உண்டு. அனுபவசாலி கேட்கிறார், கொடுத்துவிட்டால் கடனும் இல்லை, கவலையும் இல்லை. ஆனால் ஐயர் கொடுக்கவில்லை. எடுத்த வேலையைத் தாமே முடிக்க வேண்டும் என்று நின்றார்.

1887இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. முதலியார் கேள்வி கேட்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு கேள்விக்கு ஏழு ஆண்டு விடை! பிறகு 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை, 1903இல் ஐங்குறுநூறு, 1904இல் பதிற்றுப்பத்து, 1918இல் பரிபாடல் என்று வரிசையாக வந்தன. குறுந்தொகையை அவர் பதிப்பித்தது 1937இல். அப்போது அவருக்கு வயது 82. சங்க நூலும் காவியமும் மட்டுமல்லாமல் புராணம், பிரபந்தம், இலக்கணம் என்று தொண்ணூறுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர் கையால் வெளிவந்தன.

இந்த நூல்களால் அவர் பணக்காரர் ஆகிவிடவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிடித்ததைச் செய்தால் பணம் கொட்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கல்லூரி வேலையை அவர் விடவே இல்லை. கும்பகோணத்தில் 23 ஆண்டுகள், 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில். பகலில் பிழைப்பு, இரவிலும் விடுமுறையிலும் ஏடு. இப்படித்தான் ஓடியது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கலாம். தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துக்கொண்டே பிடித்ததை விடாமல் செய்யலாம். அதற்கு அவரே சாட்சி.

கடைசி நாள் வரை

பெருமைகள் தாமாகத் தேடி வந்தன. 1906இல் அரசாங்கம் மகாமகோபாத்தியாயர் பட்டம் கொடுத்தது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. எந்தப் பெருமை வந்தாலும் தம் ஆசிரியரை அவர் மறக்கவில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். வேலை வாங்கிக் கொடுத்த தியாகராச செட்டியார் பெயரைச் சென்னையில் தம் வீட்டுக்கே வைத்தார். தம் வரலாற்றை 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதிவந்தார். அது முடியவில்லை. முடிவதற்குள் அவர் காலம் முடிந்தது.

இப்போது நமக்கும் அவருக்கும் உள்ள தொடர்புக்கு வருகிறேன். 1942 சனவரியில் ஜப்பானியர் படை நம் மலாயா நாட்டைப் பிடித்தது. இங்கே மலாக்காவும் அவர்கள் கைக்குப் போனது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் விழுந்தது. அடுத்து சென்னையின் மேல் குண்டு விழும் என்ற பயம். மக்கள் நகரத்தைக் காலி செய்தார்கள். 87 வயதுக் கிழவரான ஐயரும் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் போனார். அங்கேயே 1942 ஏப்ரல் 28ஆம் நாள் உயிர் நீத்தார். நம் தாத்தா பாட்டிமார் இங்கே தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டில், அதே போரின் நிழலில், தமிழ்த் தாத்தா கண்ணை மூடினார்.

அவர் போனாலும் வேலை நின்றது. அடுத்த ஆண்டே, 1943இல், அவர் பெயரால் சென்னையில் ஒரு நூல் நிலையம் தொடங்கப்பட்டது. அவர் தேடிய ஏடுகள் அங்கே இருக்கின்றன. 1966 ஏப்ரலில் நம் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்தது. பல நாட்டு அறிஞர்கள் வந்து சங்க இலக்கியத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் விரித்து வைத்துப் பேசிய புறநானூறும் பதிற்றுப்பத்தும் புத்தகமாக எப்படி வந்தன? கும்பகோணத்து ஆசிரியர் ஒருவர் விடுமுறையில் வீட்டில் உட்காராமல் அலைந்ததால் வந்தன. கணியன் பூங்குன்றனார் என்ற பெயரை நீங்கள் வகுப்பில் சொல்கிறீர்களே, அதுவும் அவர் அச்சேற்றிய புறநானூற்றின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்ததுதான்.

பால்மரம் சொல்லும் பாடம்

என் பாட்டி தோட்டத்தில் மரம் சீவியவர். இன்று ரெம்பியாப் பக்கம் எங்கே பார்த்தாலும் செம்பனை. ஆனாலும் பாட்டி சொன்னது எனக்கு மறக்கவில்லை. பால்மரம் நட்டால் ஆறேழு வருசம் சும்மா காத்திருக்க வேணும். அப்புறமும் ஒரே நாளில் ஆழமாக வெட்டினால் பால் கூட வராது, மரம்தான் காயப்பட்டுக் கெட்டுப்போகும். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, தன் நிரைக்குப் போய், நேற்று விட்ட இடத்திலிருந்து மெல்லிசாக ஒரு சீவல். அவ்வளவுதான். மங்கு ஒவ்வொன்றிலும் சொட்டுச் சொட்டாக விழுவது, வாளியில் ஊற்றும்போதுதான் எவ்வளவு என்று தெரியும்.

ஐயர் வாழ்க்கையும் அப்படித்தான். விடாமல் அறுபது ஆண்டு மெல்லிய சீவல். பிடித்தது எது என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும். அதிலேயே நிலைத்து நிற்க ஆயுள் வேண்டும். நிலைத்த வெற்றி என்பது நிலைத்து நிற்கிறவனுக்குத்தான்.

மாணவச் செல்வங்களே, இன்றைக்கு இரவு ஒரு வேலை செய்யுங்கள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், உங்களுக்குப் பிடித்த ஒன்றே ஒன்றை எழுதுங்கள். தமிழாக இருக்கட்டும், கணக்காக இருக்கட்டும், பந்தாட்டமாக இருக்கட்டும், தையலாக இருக்கட்டும். பக்கத்தில் தேதி போடுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் அதற்குக் கொடுங்கள். அடுத்த பரிசளிப்பு விழாவன்று அந்தப் பக்கத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். கோப்பை கிடைத்ததா என்று கேட்க மாட்டேன். விடாமல் செய்தாயா என்றுதான் கேட்பேன்.

பெற்றோர்களே, பிள்ளை எதில் ஒட்டிக்கொள்கிறான் என்று பாருங்கள். வேங்கடசுப்பையரைப் போல ஊர் மாற வேண்டாம். திட்டாமல் அரைமணி நேரம் இடம் கொடுத்தால் போதும்.

அந்த ஐந்தாம் ஆண்டுப் பையனுக்கு நான் அன்று சரியான பதில் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது. இதோ, தம்பி, இப்போது சொல்கிறேன். தமிழைப் படித்து நீ என்ன ஆவாய் என்று எனக்குத் தெரியாது. சாமிநாதையருக்கும் பதினாறு வயதில் தெரியாது. ஆனால் அவர் நடுவில் விட்டிருந்தால் நாம் எதையெல்லாம் இழந்திருப்போம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே விடாதே.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!

— பயிற்சி பெற்ற ஆசிரியை, ரெம்பியா, மலாக்கா